அப்பாவுக்குக் காட்டிய நகரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யோஸ்பினா ஜகார்த்தாவில் பார்க்கத் தகுந்த ஏதாவது ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஊரில் அப்போது பதினொன்று. அம்மா தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து, உடை மாற்றி, காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போயிருப்பாள். போனை அவர் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பாள். பினா நகரத்தைக் காட்டுவாள்.

முதல் ஞாயிறு தேசிய நினைவுத் தூண். அடுத்து பழைய நகரச் சதுக்கம். அங்கே பச்சையும் ஊதாவுமாகச் சாயம் அடித்த வாடகை சைக்கிள்களில் பெரிய பெரிய தொப்பி வைத்த பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு துறைமுகம், மரக்கப்பல்கள். பிறகு பெரிய மசூதி, சாலைக்கு எதிர்ப்புறம் தேவாலயம். இடத்தைக் காட்டுவதைவிட அங்கே போய்ச் சேர்ந்த வழியைச் சொல்லத்தான் அவளுக்கு அதிக நேரம் ஆகும். எந்த ரயில், எங்கே மாறினாள், பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய பாதையில் எத்தனை மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. அப்பா பஸ் ஓட்டியவர். மக்காசாரிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். தங்கள் தீவை விட்டுக் கடல் தாண்டியதில்லை.

தலைநகரில் ஒரு பருவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது அவர்தான் முதலில் திட்டம் போட்டார். "நீ முன்னாடி போய் வழியெல்லாம் பாத்து வை. ஜூன்ல நான் வர்றேன். எந்த வண்டியில ஏறணும்னு நீ சொல்லு. ஓட்டுறவன் ஒழுங்கா ஓட்டுறானான்னு நான் சொல்றேன்."

அவள் ஜனவரி கடைசியில் வந்தாள். பிப்ரவரி இருபதாம் தேதி அதிகாலை நாலு நாற்பதுக்கு மாவட்ட மருத்துவமனையில் அப்பாவின் மூச்சு நின்றது. மருத்துவமனைக் காகிதத்தில் அந்த நேரம் எழுதியிருக்கிறது.

அது மருத்துவமனையின் கணக்கு. அவர்கள் ஊர் இருக்கும் தோராஜா மலையில் வேறு. அங்கே மூச்சு நின்றவரை வீட்டுக்குக் கொண்டுவந்து மேற்கே தலைவைத்துப் படுக்க வைப்பார்கள். அன்றிலிருந்து அவர் நோயாளி. வேளைக்குச் சோறு, காப்பி, வந்தவர் போனவர் பற்றிய பேச்சு எல்லாம் உண்டு. உறவு முழுக்கக் கூடி, முதல் எருமை பலியாக விழுந்து, அவர் தலையைத் தெற்கே திருப்பும் நாளில்தான் அவர் இறந்தவர். அதற்கு மாதங்கள் ஆகும். சில வீடுகளில் வருடங்கள். யாரும் நடிப்பதில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பு கெடாமலிருக்கச் சுகாதார நிலையத்து ஆள் வந்து போட்ட ஊசியில் என்ன இருந்தது என்று வேதியியல் படிக்கும் பினாவுக்கு விழுக்காட்டுடன் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு சொல்லை நோயாளியின் காதில் விழும்படி சொல்லக் கூடாது.

"நீ இப்ப வந்து என்ன பண்ணப் போற? உடம்புக்கு முடியாமப் படுத்திருக்கார். அவ்வளவுதானே," என்றாள் அம்மா அன்றைக்குப் போனில். "ஜூலையில நெல் அறுப்பு முடிஞ்சுதான் மத்ததெல்லாம். நீ படிப்ப முடிச்சிட்டு வா. தலையை நீதான் பிடிக்கணும்."

தலையைப் பிடிப்பது மூத்த பிள்ளையின் வேலை. ஏப்ரல் கடைசியில் ஜூலைக்கு இன்னும் பத்து ஞாயிறுகள் இருந்தன. பத்து இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அதை முடித்துவிட்டுப் போய் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால் அவர் எங்கும் போய்விடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அறைத்தோழி ரெத்னோ மூன்றாவது ஞாயிறிலிருந்து கூட வந்தாள். சோலோ நகரத்துப் பெண். வாய் ஓயாது. தோராஜா என்றால் எருமையும் பாறையில் குடைந்த கல்லறையும்தான் அவளுக்குத் தெரியும், அதுவும் தொலைக்காட்சியில் பார்த்தது. அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். உடம்பு சரியில்லை, பேச்சு இல்லை, படுக்கையில் இருக்கிறார் என்றாள் பினா. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பக்கவாதம் என்று ரெத்னோ தானாகவே புரிந்துகொண்டாள். திரையில் மங்கலான வெளிச்சத்தில், தாடைவரை போர்வையும் கம்பளிக் குல்லாயும் கண்ணாடியுமாகத் தெரிந்த முகத்தைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் கை காட்டினாள். "அங்கிள், சீக்கிரம் எழுந்து வாங்க. உங்க பொண்ணு ரோடு தாண்டக்கூட என் கையப் பிடிச்சுக்கிறா."

பினா திருத்தவில்லை. எப்படித் திருத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வார்த்தை வரும் பெண்ணாக இருந்தால் திருத்தியிருப்பாள்.

*

ஒன்பதாவது ஞாயிறு தாமான் மினிக்குப் போனார்கள். நாட்டின் எல்லா மாகாணத்து வீடுகளையும் கட்டி வைத்திருக்கும் பெரிய பூங்கா அது.

"கடல் தாண்டி வந்து உன் வீட்டையே பாக்கப் போற. உன்ன மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்லடி," என்றாள் ரெத்னோ ரயிலில்.

"நானா சொன்னேன்? நீதானே இங்க போகலாம்னு சொன்ன."

"ஒரு காரணமாத்தான் சொன்னேன். அங்க வந்து பாரு."

சாவாங் நிலையத்தில் இறங்கி, மேம்பாலத்தில் ஓடும் சின்ன ரயிலுக்கு மாறினார்கள். அதற்கு ஓட்டுநர் இல்லை. முன்கண்ணாடி அருகே குழந்தைகள் மொய்த்திருந்தார்கள். பினா அவர்களுக்கு மேலாக போனை நீட்டி இரண்டு நிமிடம் படம் எடுத்துக்கொண்டாள்.

பூங்கா வாசலில் ஒருவர் காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். மடிப்பு கலையாத பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில்.

"எங்க பெரியப்பா," என்றாள் ரெத்னோ. "டாக்டர் சுவிக்ன்யோ. மூளை நரம்பு டாக்டர். பக்கவாதம் வந்து படுத்தவங்கள எத்தனையோ பேர நடக்க வச்சிருக்கார். அங்கிளப் பாக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். ஆறு வாரமாக் கெஞ்சி இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுது."

பினா அவள் கையைப் பிடித்தாள். "ரெத்னோ, வேணாம்."

"ஏன்?"

"அம்மாவுக்குக் கூச்சம். புது ஆளுங்கன்னா..."

"கூச்சமெல்லாம் நோய்க்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர். மென்மையான குரல். "சும்மா ஒரு பார்வைதான். ஃபீஸ் கேட்டு உங்கம்மாவ மிரட்ட மாட்டேன்."

அவர் சிரித்தார். அவரோடு சேர்ந்து நடக்கும்போது பினா வாக்கியங்களைத் தேடினாள். ஐயா, எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஐயா, அவர் உடம்பு சரியில்லாதவர்தான், ஆனால். அந்த ஆனாலுக்குப் பிறகு வர வேண்டியது அந்தச் சொல்தான். இரண்டு மாதமாக அதை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. பத்து மணி ஆகிவிட்டது. அம்மாவே கூப்பிட்டுவிட்டாள்.

தோராஜா வீடு எதிரே நின்றது. படகு போல இருமுனையும் தூக்கிய கூரை, முன்தூணில் எருமைக் கொம்புகள். படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா, பாருங்க, நம்ம வீடு," என்று போனைத் திருப்பினாள் பினா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"எந்தப் பக்கம் பாத்துக் கட்டியிருக்கான்?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா. ரோட்டப் பாத்து."

"ரோட்டப் பாத்தா? வடக்குப் பாக்க வேணாமா? யாருடி அங்க குடியிருக்கா, பேயா?" அம்மா கட்டில் பக்கம் திரும்பிச் சொன்னாள். "கேட்டீங்களா, பினா அப்பா? ரோட்டப் பாத்துக் கட்டியிருக்கானாம். பஸ் வருதான்னு பாக்கறதுக்கு." பிறகு போனில், "சிரிக்கிறார்," என்றாள்.

"இன்னிக்கு வந்த ரயிலுக்கு டிரைவரே இல்லப்பா. தானாவே ஓடுது."

"அதுக்குச் சிரிக்கல. முகத்தச் சுளிக்கிறார்."

ரெத்னோ சட்டென்று போனை வாங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, நான் ரெத்னோ. எங்க பெரியப்பா டாக்டர், பக்கத்துல இருக்கார். அங்கிளப் பாக்கணுங்கறார்."

அம்மா மறுப்பாள் என்று பினா ஒரு கணம் நம்பினாள். ஆனால் நோயாளியைப் பார்க்க வந்தவரை வாசலில் நிறுத்துவது அந்த வீட்டில் இல்லாத பழக்கம். யார் வந்தாலும் உள்ளே அழைத்துப் போய், இன்னார் வந்திருக்கிறார் என்று அவரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் என்றால் அம்மாவால் மறுக்கவே முடியாது.

"பினா அப்பா," என்றாள் அம்மா, "ஜகார்த்தாவுலேர்ந்து டாக்டர் வந்திருக்கார். உங்களப் பாக்கத்தான்."

"அம்மா, வேணாம்மா," என்று பினா சொன்னது பிள்ளைகளின் கூச்சலில் அமுங்கியது.

டாக்டர் போனைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்தார். "வணக்கம்மா. ஜன்னலக் கொஞ்சம் திறக்க முடியுமா? வெளிச்சம் பத்தல."

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப முகத்துக்குக் கிட்டக் கொண்டு வாங்க. கண்ணாடியக் கழட்டுங்க. இன்னும் கிட்ட."

பினா டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் முதலில் நெருங்கியது, பிறகு தளர்ந்தது. கண்கள் திரையை விட்டு நகரவில்லை. அவள் அவர் கையைத் தொட்டாள். தலையை ஆட்டினாள். சொல்லாதீர்கள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"எத்தன நாளா இப்படி இருக்காரும்மா?"

"ஒம்பது வாரம் டாக்டர். இன்னிக்குக் காப்பி குடிச்சார்."

டாக்டரின் வாய் திறந்தது. அவர் யோசிக்கவில்லை. நாற்பது வருடமாக ஒவ்வொரு கட்டில் அருகிலும் தானாக வந்த வாக்கியம் இப்போதும் தானாக வந்தது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

பக்கத்திலிருந்த ரெத்னோவின் உதடுகளும் அதையே முணுமுணுத்தன. பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்று பொருள். யார் போய்ச் சேர்ந்தாலும் அந்த நாட்டில் முதலில் கேட்கும் வாக்கியம் அதுதான். சிலுவை மாட்டிய வீடுகளிலும் அது என்னவென்று தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவருடைய பஸ்ஸில் பாதிப் பேர் பூகிஸ் இனத்து முஸ்லிம்கள். சாலையில் விபத்தைக் கடக்கும்போதெல்லாம் பின்னிருக்கைகளிலிருந்து அது எழும். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்.

திரையில் முகம் போய்விட்டது. கூரையின் மூங்கில்கள் தெரிந்தன. வெகு நேரம் மூங்கில்களே தெரிந்தன.

"அம்மா," என்றாள் பினா.

"ஏன் அதச் சொன்னார்?" அம்மாவின் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. "அவர் காதுல விழுந்திடுச்சே. போன அவர் காதுகிட்டதானே வச்சிருந்தேன்."

இணைப்பு அறுந்தது.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பினா இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். இப்போது வாக்கியங்கள் சுலபமாக வந்தன.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அவர். "வாய்ல தானா வந்திடுச்சு. நெனச்சு சொல்லல. சாவைக் கண்டதும் அதச் சொல்லாம இருக்கறதுதான் எங்களுக்குத் தப்பு." பிறகு, "உங்கம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்கலாமா?" என்றார்.

"எடுக்க மாட்டாங்க ஐயா."

அவர் போன பிறகு ரெத்னோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆறு வாரமா நான் யாருக்குக் கை காட்டிட்டிருந்தேன்?"

"எங்கப்பாவுக்கு."

"பொண..." என்று தொடங்கி நிறுத்தினாள். "போன வாரம் கடையில வாங்கின மீன் குழம்பத் தூக்கிக் காட்டினேன். வேணுமா அங்கிள்னு கேட்டேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்ச."

"அவருக்கு மீன் பிடிக்கும்."

"பினா, எனக்கு பயமா இருக்கு உன்னப் பாத்தா."

திரும்பும்போது இருவரும் ஒரே பெட்டியில்தான் ஏறினார்கள். தள்ளித் தள்ளி நின்றார்கள். விடுதிக்கு வந்ததும் ரெத்னோ தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

*

மாலை ஐந்து மணிக்குச் சித்தப்பா சம்பே கூப்பிட்டார்.

"உங்கம்மா மத்தியானச் சோறு எடுத்துக்கிட்டு உள்ள போயிருக்கா. சாப்பிட வாங்கன்னு கூப்பிட வாய் வரலியாம். அப்படியே குரலெடுத்து அழுதுட்டா. இத்தன நாள் அடக்கி வச்சதெல்லாம். தெருவே வந்து வாசல்ல நிக்குது."

"சித்தப்பா, அந்த டாக்டர் வெளியாள். நம்ம வழக்கம் தெரியாம..."

"வெளியாள் சொன்னதக்கூட விட்டுடலாம். வீட்டுல அழுகை எழுந்திடுச்சு, பினா. எழுந்தத எப்படித் திருப்பி உள்ள வைக்கிறது? பெரியவங்க உக்காந்து பேசியாச்சு. அவர இனிமே நடுவுல வச்சிருக்கக் கூடாதாம். காலையில ஒம்பது மணிக்குத் திருப்பிடறோம். ஒரே ஒரு எருமை. ஊர் கூடறதெல்லாம் ஜூலையிலயே இருக்கட்டும்."

"நாளைக்கா? ரெண்டு நாள் குடுங்க. நான் இப்பவே கிளம்பறேன்."

"இப்ப கிளம்பினா மக்காசாருக்கே ராத்திரி ஆயிடும். அங்கேர்ந்து விடியக்காலைதான் பஸ், மலையேற எட்டு மணி நேரம். எந்த வண்டி எத்தன மணிக்குன்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ வந்து சேர மத்தியானம். அழுகை எழுந்த வீட்டுல அதுவரைக்கும் வச்சிருக்க ஒத்துக்க மாட்டாங்க."

"தலைய யாரு பிடிக்கிறது?"

அந்தப் பக்கம் சித்தப்பா யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் பிடிக்கறேன். நீ போன்ல பாரு. உனக்கு நாளைக்குப் பரீட்சைன்னு அம்மா சொன்னா. அதயும் எழுது. விட்டா அரை வருஷம் போச்சு. அண்ணன் இருந்தா..." என்று சொல்லிவிட்டு அவர் நின்றார். காலையில் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

"அம்மாகிட்டக் குடுங்க."

"பேச மாட்டேங்கறா. சோறும் தொடல. இனிமே தொட மாட்டா, துக்க முறை ஆரம்பிச்சிடுச்சு."

பினா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் பத்து இடங்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்கலாம் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை.

*

ஊரில் ஒன்பது மணி என்றால் இங்கே எட்டு. பரீட்சை ஒன்பதரைக்கு. ஆறே முக்காலுக்கு ரயில் ஏறினால் ஏழே முக்காலுக்குள் இறங்கி, நிலையத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமைக் காலை என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் ரயிலில் கால் வைக்க முடியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பெண்கள் பெட்டிக்குள் பின்னாலிருந்து வந்த கூட்டம் அவளைத் தூக்கி உள்ளே வைத்தது. கதவு யாருடைய பையையோ கடித்து, விட்டு, மறுபடி மூடியது. அவளுடைய பை இடுப்புக்குக் கீழே எங்கேயோ மாட்டிக்கொண்டது. இரண்டு கைகளும் ஒரு பெண்ணின் முதுகுக்கும் மற்றொருத்தியின் பைக்கும் நடுவே சிக்கியிருந்தன.

"நவுருங்கம்மா, மூச்சு விட இடம் வேணும்!"

"இடம் வேணும்னா டாக்ஸியில போ, மகாராணி."

"குளிச்சிட்டு வந்தா இந்த வாசன இருக்காது."

"நீ என் தோள்ல தூங்காம நில்லு, வாசன தெரியாது."

பெட்டி சிரித்தது. பெரிய சந்திப்புக்கு முன்னால் ரயில் நின்றது. முன்னால் போன வண்டிகள் நகர்ந்தால்தான் இதற்கு வழி. ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்தைந்து. எதிரே ஒருத்தியின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. பினா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மணிக்குப் பையில் போன் அடித்தது.

அவள் கையை இழுத்தாள். கை வரவில்லை. முழங்கையை மடக்கிப் பார்த்தாள். "எம்மா, இடிக்காத," என்றாள் ஒருத்தி. உடம்பைத் திருப்ப முயன்றாள். திருப்ப இடமில்லை. போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. சித்தப்பா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார். இல்லை, அவருக்கு இரண்டு கையும் வேண்டும். வேறு யாரோ பிடித்திருப்பார்கள். மூன்றாவது முறை அடித்தது. பாதியில் நின்றது.

பிறகு அடிக்கவில்லை. கடிகாரத்தில் எட்டு ஆறு.

அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த நடுவயதுப் பெண் அவளைப் பார்த்தாள். தலையில் கரும்பச்சை முக்காடு. கழுத்தில் ஏதோ அலுவலகத்தின் அடையாள அட்டை.

"உன் போன்தானே அடிச்சுது?"

"ஆமாக்கா."

"அழறியா? என்னம்மா, அவசரமா? வீட்டுலேர்ந்தா?"

"வீட்டுலேர்ந்துதான்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

பினா வாயைத் திறந்தாள். இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த பதில் நாக்கில் இருந்தது. இப்போது அது பொய்.

"அப்பா இறந்துட்டார்."

"ஐயோ. எப்போம்மா?"

"இப்போ."

அந்தப் பெண் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள். அவள் வேறொருத்தியிடம் சொன்னாள். பெட்டியில் பேச்சு அடங்கியது. நிற்கவே இடம் இல்லாத அந்தப் பெட்டியில் எங்கிருந்தோ ஓர் இடைவெளி உண்டாகி, அவளை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணி எழுந்து நின்றாள். பல கைகள் பினாவைப் பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்தன. பையை யாரோ மடியில் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்போது இரண்டு கையும் விடுபட்டிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரயில் நகரத் தொடங்கியது.